வெண்ணாற்றோடு ஒரு தை மாதம்

கல்லணைக்கு வருகிறவர்கள் கரிகாலன் சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், மீன் வறுவல் சாப்பிடுகிறார்கள், திரும்பிப் போய்விடுகிறார்கள். எனக்கு மதகுகளைப் பார்க்கவேண்டியிருந்தது. மேட்டூர்த் தண்ணீர் இங்கேதான் பிரிகிறது: ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் வெண்ணாறு, தெற்கே கல்லணைக் கால்வாய், வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடம். கல்லணைக் கால்வாய் 1934-ல் முடிந்த மேட்டூர் அணைத் திட்டத்தோடு வந்தது. தொண்ணூறு வருஷம் ஆகியும் தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது இன்னும் ‘புதாறு’தான். காவிரியைப் பாடாத புலவர் கிடையாது. வெண்ணாற்றைப் பாடியவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் பெரும்பகுதி வயல்கள் இந்தப் பாடல் பெறாத ஆற்றையும் அதன் கிளைகளையும் நம்பித்தான் இருக்கின்றன. அதன் கூடவே கடைமடை வரைக்கும் போவது என்று கிளம்பினேன். பஸ் போகும் இடம் வரை பஸ், மற்ற இடங்களில் யாராவது ஏற்றிக்கொண்டால் வண்டி.

கையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. வேறு வேலைக்குப் போக முடிந்தும் ஒருவர் விவசாயத்திலேயே இருப்பது, அல்லது இருந்த வேலையை விட்டுவிட்டு அதற்கு வருவது, எதற்காக? நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் விவசாயி இரண்டு வேஷத்தில்தான் வருகிறார். ஒன்று, தூக்குக் கயிற்றோடு. இல்லையென்றால், உலகத்துக்கே சோறு போடும் தெய்வமாக. இரண்டு பேரிடமும் ‘ஏன் செய்கிறீர்கள்’ என்று கேட்க முடியாது. வயலில் நிற்கிற ஆளிடம் கேட்கலாம்.

2025 தை. சம்பா அறுவடை நேரம். அதற்கு முந்தைய குறுவை பலருக்குக் கைகூடவில்லை. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கவேண்டிய மேட்டூர் அணை 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தது. ஆழ்குழாய் இருந்தவர்கள் குறுவை போட்டார்கள், மற்றவர்கள் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். அந்தச் சம்பாவும் விளைந்து நிற்கும்போது பொங்கல் முடிந்த கையோடு பருவம் தவறிய மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வேண்டிய மாதத்தில் அது இல்லை, வேண்டாத மாதத்தில் வந்து நின்றது. நான் பேசிய எல்லோரும் இதைக் கோபமில்லாமல்தான் சொன்னார்கள். அந்தக் கோபமின்மைதான் எனக்குப் புரிய வெகு நேரம் ஆனது.

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையில் சாலியமங்கலம் தாண்டியதும் பாதிச் சாலை நெல். தார்ச்சாலைதான் இன்று டெல்டாவின் களம். கதிர் அடித்துத் தூற்றிய பழைய களங்கள் இல்லை. இயந்திரம் வயலுக்குள் போய் அறுத்து, தூற்றி, நெல்லாகவே கொட்டிவிடுகிறது. கொட்டிய நெல்லில் ஈரம் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. அதனால் சூடு ஏறும் தாரில் பரப்பி, காலால் கோடு கோடாகக் கிளறிவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். லாரிக்காரன் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போகிறான்.

அப்படிக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரோடு புளியமர நிழலில் உட்கார்ந்தேன். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பதினைந்து மா நிலம், சொந்தம். வெளியூர்க்காரர்களுக்காக: மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. இந்தப் பக்கத்தில் ஏக்கர் என்று பேசுகிறவர் அரசாங்க ஆள் அல்லது மனை விற்கிறவர்.

“ஏன் செய்யறீங்க?” என்றேன்.

“வேற என்ன தம்பி தெரியும் நமக்கு?”

வெளியாட்களுக்கென்று தயாராக வைத்திருக்கும் பதில் அது. ஊர் ஊராக அதைத்தான் கேட்டேன். அதை உண்மை என்று எழுதிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் அவருக்கு வேறு தெரியாமல் இல்லை. ஒரு காலத்தில் டிராக்டர் வைத்து வாடகைக்கு ஓட்டியிருக்கிறார். மூத்த மகன் சிங்கப்பூரில், மகள் நர்ஸ். கணக்கும் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. நன்றாக விளைந்தால் மாவுக்குப் பத்து மூட்டை, அறுபது கிலோ மூட்டை. அந்தப் பருவத்தில் அரசு விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,405, சன்ன ரகம் 2,450 ரூபாய். கிலோ 24 என்று வைத்தால் மாவுக்கு 14,400. உழவு, நாற்று, நடவு, உரம், மருந்து, அறுப்பு மெஷின், சாக்கு, ஏற்றுகூலி எல்லாம் சேர்த்துச் செலவு பத்தாயிரம். மிச்சம் 4,400. பதினைந்து மாவுக்கு 66,000. நாற்று விட்டதிலிருந்து பணம் வரும்வரை ஆறு மாதம். ஆக மாதம் 11,000 ரூபாய், அதுவும் மழை பெய்யாமல் இருந்தால், தன் கூலியைக் கணக்கில் சேர்க்காமல்.

இது அவர் ஒருவர் கதை இல்லை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2018-19-க்குச் சொன்ன தொகை, இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதற்குள்ளே போய்ப் பார்த்தால் இன்னொன்று இருக்கிறது. பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய்தான், கூலி வேலையிலிருந்து வந்தது 4,063. பயிரை விடக் கூலியில் அதிகம் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு விவசாயக் குடும்பம் என்று பெயர்.

“மனைக்குக் கேக்கறாங்க. வித்து பேங்க்ல போட்டா வட்டியே இதவிட ஜாஸ்தி வரும். பையனும் அதத்தான் சொல்றான்.” கொஞ்சம் நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார். ‘டொக்’ என்று உடைந்தால் காய்ந்துவிட்டது, மாவாக நசுங்கினால் இன்னும் ஈரம். “வித்துடலாம். வித்துட்டு, விடிஞ்சா எங்க போறது?”

அவர் விடிந்ததும் போகும் இடத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். அறுத்த வயலில் தாளுக்கு இடையே உளுந்து முளைத்திருந்தது. இது டெல்டாவின் பழைய கெட்டிக்காரத்தனம். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் உளுந்தையோ பச்சைப் பயறையோ உள்ளே வீசிவிடுவார்கள். உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. நெல்லுக்கு வைத்த ஈரத்தின் மிச்சத்திலும் பனியிலும் அது விளைந்துவிடும். ஆள் வைத்து அரிவாளால் அறுத்த காலத்துக்கு ஏற்ற முறை. இப்போது பெல்ட் மெஷின் ஏறி இறங்குகிற தடத்தில் முளை நசுங்கிவிடுகிறது. வயல் முழுக்க இரண்டு இரண்டு வரியாக வழுக்கை. “பாதி போச்சு” என்று சொல்லிவிட்டு, மீதிப் பாதியை உட்கார்ந்து தடவிப் பார்த்தார். ஆள் கிடைத்தால் கையால் அறுப்பீர்களா என்றேன். சிரித்தார். நடவுக்கே மேற்கு வங்காளத்துப் பையன்கள் வந்து கயிறு பிடித்து நட்டுவிட்டுப் போகிறார்கள். அறுப்புக்கு எங்கே ஆள்?

எனக்குப் பட்டது இது: தன் வயலில் எது ஏன் கெட்டது, எது எப்படித் தப்பித்தது என்பது முழுவதும் தெரிந்த ஒரு மனிதர் அவர். வேறு எந்த இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் அந்த அந்தஸ்து அவருக்குக் கிடைக்காது. மகன் வீட்டில் அவர் வெறும் தாத்தா.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு. வெண்ணாறு இங்கே கோரையாறு, பாமணியாறு என்று கிளை விட்டுத் தானும் மேலே போகிறது. இறங்கிப் பார்க்கலாம், ஐந்து நிமிஷம் போதும். தலைப்பில் நிற்பதைவிட அங்கே உள்ள டீக்கடையில் நின்றது பிரயோஜனமாக இருந்தது.

தஞ்சை மண்டலத்தில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். அதில் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் உண்டு. போதாததற்கு ஊரை விட்டுப்போன மிராசுதார்களின் நிலத்தை வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்தவர்களும் உண்டு. டீக்கடையில் என்னோடு பேசியவர் அந்த இரண்டாவது வகை. ஐம்பது வயது. நில உரிமையாளர் சென்னையில். “நான் வெவசாயி இல்ல சார். கணக்குல அவங்கதான் வெவசாயி” என்றார். கிண்டல் இல்லை, நிலவரம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கும் பிரதமர் கிசான் திட்டம் நிலம் பெயரில் இருக்கும் குடும்பத்துக்குத்தான். உழுகிறவருக்கு இல்லை. குத்தகையை எழுதிக்கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் உரிமையாளர் எழுதித் தருவதில்லை. கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று இவர் கேட்பதில்லை. பிறகு ஏன்? கட்டட வேலைக்குப் போனால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கையில் வாங்கலாம். அதற்கும் போகிறார், பங்குனிக்குப் பிறகு. “அங்க கொத்தனார் கூப்புடுற வரைக்கும் நிக்கணும். இங்க வந்து வயல்ல எறங்கிட்டா எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார். பெரியவர் சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றுதான் என்று மன்னார்குடி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மன்னார்குடிக்கு வெளியே, பாமணியாற்றுப் பாசனத்தில், ஒரு பொறியாளரைப் பார்க்கப் போனேன். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் பதினோரு வருஷம் மென்பொருள் வேலை. 2017 தையில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்த கூட்டத்தில் இவரும் ஒருவர். அந்தக் கூட்டத்திலிருந்து ஊருக்குத் திரும்பி நாட்டு மாடு, மரபு நெல் என்று இறங்கியவர்கள் பலர். இரண்டே வருஷத்தில் சத்தமில்லாமல் பழைய வேலைக்குத் திரும்பியவர்களும் பலர். இவர் திரும்பவில்லை. அப்பாவின் பன்னிரண்டு மாவில் பாதியில் அப்பா விருப்பத்துக்கு சிஆர் 1009 ரக நெல், மீதியில் தன் விருப்பத்துக்குக் கருப்பு கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும்.

மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரம் வளர்கிறது. காற்று அடித்தால் சாய்கிறது. மாவுக்கு ஐந்து மூட்டை வந்தால் அதிகம். அந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் நஷ்டம்தான். அரைத்து, சலித்து, பை பிடித்து, வாட்ஸ்அப் குழுவில் விலை போட்டு, கூரியரில் அனுப்பி, கிலோ 100 ரூபாய்க்கு விற்றால் கட்டுப்படியாகிறது. “வெளைய வைக்கறது அஞ்சு மாசம் சார், விக்கறது ஏழு மாசம்” என்றார். வீட்டு முன்கட்டில் அடுக்கியிருந்த பைகளைப் பார்த்தால் விவசாயி வீடு மாதிரி இல்லை, மளிகை மொத்த வியாபாரி வீடு மாதிரி இருந்தது.

இவரிடம் என் கேள்வியைக் கேட்டபோது, நான் எதிர்பார்த்த நஞ்சில்லா உணவு, நாட்டு விதை, அடுத்த தலைமுறை என்ற பேச்சு வந்தது. எல்லாம் இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வாரிடமிருந்து வந்தது என்று அவரே சொன்னார். நம்மாழ்வார் இந்த ஆற்றின் மேல்பக்கத்து ஆள். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து இளங்காட்டில் 1938-ல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசாங்க வேலைக்குப் போனார். மானாவாரி விவசாயி வாங்கவே முடியாத இடுபொருளை வைத்து அவனுக்காக ஆராய்ச்சி செய்வது வீண் வேலை என்று பட்டதும் விட்டுவிட்டு வந்தார். 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் இறக்கும்போதுகூட டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். டெல்டா 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமானதற்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வருவது என்பதற்கு நம் காலத்தில் ஒரு கௌரவத்தை உண்டாக்கியவர் அவர்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரைப் பின்பற்றி வந்தவர்கள் எல்லோருக்கும் அவருடைய பொறுமை இருந்ததா என்பதில்தான் சந்தேகம்.

சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்த பிறகு பொறியாளர் வேறொன்று சொன்னார். கம்பெனியில் மூன்று வருஷம் ஒரே மென்பொருளில் வேலை பார்த்தார்களாம். ஒரு திங்கள்கிழமை அதை நிறுத்திவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. ஏன் என்று இவருக்கும் தெரியாது, இவருடைய மேலாளருக்கும் தெரியாது. “இங்க பயிர் சாஞ்சா எதனால சாஞ்சுதுன்னு தெரியும் சார். நான் தழை அதிகமா போட்டேன், இல்லேன்னா காத்து. எம் மேல தப்புன்னா அடுத்த வருஷம் திருத்திக்கலாம்.” முன்கட்டில் சொன்ன காரணங்களைவிட எனக்கு இது நம்பும்படியாக இருந்தது.

இதெல்லாம் நடப்பது எதை வைத்து என்றும் கேட்டேன். அவர் மனைவி மன்னார்குடியில் ஆசிரியை. “அவங்க சம்பளம் இல்லேன்னா நான் ரெண்டாவது வருஷமே மெட்ராஸ்ல இருந்திருப்பேன்” என்றார். இதைச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை. ஆனால் அவர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் இது இருக்காது. மண்ணுக்குத் திரும்பிய கதைகளை எழுதுகிற நாமும் இதை எழுதுவதில்லை.

2003-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இந்தியா முழுக்க விவசாயக் குடும்பங்களிடம் ஒரு கேள்வி கேட்டது: உங்களுக்கு இந்தத் தொழில் பிடித்திருக்கிறதா? நூற்றுக்கு நாற்பது பேர், வழி இருந்தால் வேறு வேலைக்குப் போய்விடுவோம் என்றார்கள். அந்த நாற்பதை வைத்து எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. மீதி அறுபது பேர் பிடித்திருக்கிறது என்று எதை வைத்துச் சொன்னார்கள் என்பதைத் தோண்டியவர்கள் குறைவு. வருமானத்தை வைத்துச் சொல்லியிருக்க முடியாது. அது மட்டும் நிச்சயம்.

திருத்துறைப்பூண்டியில் நிலம் தாழ்ந்து, வானம் பெரிதாகிவிடுகிறது. தென்னை குறைந்து பனையும் கருவேலமும் கண்ணில் படுகின்றன. இங்கிருந்து கடல் தொலைவில்லை. ‘கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா’ என்று தமிழ்நாட்டுச் செய்திகளில் ஆண்டுதோறும் கேட்கும் கடைமடை இதுதான். அணை திறந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, எல்லோரும் எடுத்தது போக வருவது இவர்களுடைய பங்கு. வடிகாலும் இந்த வழிதான் என்பதால் மேலே மழை பெய்தால் எல்லோருடைய வெள்ளமும் இவர்களுக்குத்தான். உப்பையும் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கும் நெல் இங்கே தேவைப்பட்டதில் ஆச்சரியமில்லை. உவர் நிலத்துக்குக் குழியடிச்சான், குறுகிய காலத்தில் வர அறுபதாங்குறுவை, தண்ணீர் நின்றாலும் நிமிர்ந்து நிற்கக் காட்டுயானம் என்று இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு நெல் இருந்திருக்கிறது.

பக்கத்து ஆதிரெங்கத்திலிருந்துதான் நெல் ஜெயராமன் அவற்றைத் தேடிக் கிளம்பினார். 2003-ல் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தபோது கூட நடந்தவர். அவர்கள் நடந்தது ஆற்றை எதிர்த்து. நான் வந்தது ஆற்றோடு, பெரும்பாலும் பஸ்ஸில். ஜெயராமன், விவசாயிகளின் பானைகளிலும் குதிர்களிலும் தப்பிக் கிடந்த நெல் ரகங்களை 170-ஐ ஒட்டிய எண்ணிக்கை வரை சேர்த்தார். நெல் திருவிழா என்று ஆண்டுதோறும் கூட்டி, வருகிறவருக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் இந்தக் கரையை நாசமாக்கிய இருபதாவது நாள், டிசம்பர் 6-ல், புற்றுநோயால் இறந்துபோனார்.

இந்த இரண்டு கிலோ, நான்கு கிலோ ஏற்பாட்டில் எனக்கு ஒரு விடை இருப்பதாகப் படுகிறது. கடையில் விதை வாங்குகிறவர் வாடிக்கையாளர். இரண்டு வாங்கி நான்கு திருப்பித் தருகிறவர் அந்த விதைக்குப் பொறுப்பாளி. பணம் சேராத ஒரு தொழிலில் ஆட்களைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பொறுப்புதானோ என்னவோ. ஆனால் பொறுப்பை ஏற்றுக்கொள்ளக் காலடியில் சொந்த நிலம் வேண்டும். அது இல்லாதவர்கள் கதையைக் கேட்காமல் இந்தப் பயணத்தை முடித்தால் அது பாதிப் பயணம்.

அதனால் கீழ்வேளூர் பக்கம், கீழ்வெண்மணிக்குப் போனேன். 1968 டிசம்பர் 25 இரவு இங்கே ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எல்லோரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தினர். கூலி நெல்லில் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் விவகாரம். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை உயர் நீதிமன்றம் பிறகு விடுதலை செய்துவிட்டது. நினைவிடத்தைச் சுற்றி இன்றைக்கும் நெல்தான். நான் போன மதியத்தில் அங்கே யாரும் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு மெஷின் அறுத்துக்கொண்டிருந்தது. ‘விவசாயம் எங்கள் வாழ்க்கை முறை’ என்று பெருமையாகச் சொல்ல, வாழ்க்கையை முறைப்படுத்திக்கொள்ளும் உரிமை முதலில் இருக்கவேண்டும். இந்த மண்ணை உழுது நட்டவர்களில் பாதிப் பேருக்கு அது இருந்ததே இல்லை. பண்ணையாளுக்கு விவசாயம் பிடித்திருக்கிறதா என்று எவரும் கேட்டதில்லை.

அந்தப் பாதிப் பேரிடமிருந்துதான் எனக்கு மிகத் தெளிவான பதில் கிடைத்தது. வெண்மணிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். மிராசுதார்களிடம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலத்தை வாங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள். 2008-ல் அவர்களுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தபோது வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியவந்தது. அப்படி நிலம் வாங்கிய ஒரு பெண்ணை அவர் வயல் வரப்பில் பார்த்தேன். அறுபது வயது இருக்கும். அவருடைய அம்மா பண்ணையாள். இவரும் பாதி வாழ்நாள் பிறத்தியார் வயலில் நட்டவர். கடனை நெல் விற்றே அடைத்திருக்கிறார்.

“ஒரு ஏக்கர்ல என்னம்மா மிஞ்சும்?”

“சாப்பாட்டுக்கு அரிசி மிஞ்சும். வெதைக்கு மிஞ்சும். வேற ஒண்ணும் மிஞ்சாது.”

“அப்புறம் ஏன்?”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படித்த ஆள் இதைக் கூடவா கேட்பான் என்ற பார்வை. “கூலிக்கு நட்டப்ப எப்ப கரையேறணும், எப்ப கஞ்சி குடிக்கணும்னு அவங்க சொல்லுவாங்க தம்பி. புள்ளைக்குப் பால் குடுக்கக்கூட கேட்டுட்டுத்தான் போவணும். இப்ப நானா எறங்குறேன், நானா ஏறுறேன்.”

சொல்லிவிட்டு, ஏதோ மடை பார்க்கவேண்டும் என்று போய்விட்டார். அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் வந்து இதைச் செய்யவேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. பெரியவருக்கும் இல்லை, நீடாமங்கலத்துக் குத்தகைக்காரருக்கும் இல்லை. தனக்குப் பிடித்த வேலை, பிள்ளைக்கு வேண்டாம். ‘அது அவ இஷ்டம்’ என்று சொன்னவர் பொறியாளர் ஒருவர்தான், நான்காம் வகுப்புப் படிக்கும் மகளைப் பற்றி. மாதச் சம்பளம் வருகிற வீட்டில் அப்படிச் சொல்ல முடிகிறது.

2001-லிருந்து 2011-க்குள் தமிழ்நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ சாகுபடி செய்வதாக மக்கள்தொகைக் கணக்கில் சொன்னவர்கள் 51 லட்சத்திலிருந்து 42 லட்சமாகக் குறைந்தார்கள். விவசாயக் கூலிகள் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாக உயர்ந்தார்கள். அதாவது ஆட்கள் வயலை விட்டுப் போய்விடவில்லை. தானாக இறங்கித் தானாக ஏறுகிறவர்கள் குறைந்து, சொன்னால் இறங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நான் கேட்ட மட்டில், விவசாயத்தில் மக்களைப் பிடித்து வைத்திருப்பது மண்வாசனையும் இல்லை, மரபும் இல்லை. தன் வேலைக்குத் தானே எஜமானாக இருப்பதுதான். அதற்காக மாதம் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ குறைத்து வாங்கிக்கொள்ளச் சாதாரண மனிதர்கள் தயாராக இருக்கிறார்கள். அதைவிடக் குறைத்துக் கொடுத்தால் அவர்களும் போய்விடுவார்கள்.

இதைப் படித்துவிட்டு வேலையை விடலாமா என்று யோசிக்கிறவர்கள் இருந்தால் ஒரு யோசனை. நிலம் வாங்காதீர்கள். டெல்டாவில் எங்காவது மூன்று மா குத்தகைக்கு எடுங்கள். ஆடி ஆவணியில் நாற்று விடுவதிலிருந்து, கொள்முதல் நிலையத்தில் உங்கள் நெல்லை அளந்து பணம் வங்கிக்கு வரும் வரை அந்த ஊரிலேயே இருங்கள். செலவையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள், உங்கள் சொந்தக் கூலியையும் சேர்த்து. வேலையை அதற்குப் பிறகு விடலாம்.